ஏழு நாட்கள், இருவர், ஒரு மலை



வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊர் திரும்பும் கணவருடைய நாட்கள் எப்படிச் செலவாகின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நாற்பது நாட்கள் என்று சொல்லித்தான் வருகிறார். முதல் வாரம் பெட்டி திறப்பதிலும், உற்றாருக்கும் உறவினருக்கும் பங்கு வைத்துக் கொடுப்பதிலும் கழிகிறது. அடுத்த வாரத்தில் இரண்டு வலீமாக்கள், ஒரு புதுமனை விருந்து. அதற்கடுத்து, பாதியில் நிற்கும் வீட்டு வேலை, கொத்தனார், பத்திரப் பதிவு அலுவலகம். பிறகு தங்கை மாப்பிள்ளை வீட்டு அழைப்பு. இறுதி வாரத்தில் மீண்டும் பெட்டி கட்டும் படலம். இத்தனைக்கும் நடுவே மனைவி எங்கே இருக்கிறாள்? கணவரைக் காண வருவோருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டும், அவர் எடுத்துச் செல்ல மசாலாப் பொடி இடித்து வைத்துக்கொண்டும் அடுப்படியில் இருக்கிறாள். விமான நிலையத்தில் பிரியும்போதுதான், நாற்பது நாட்களில் ஒரு மணி நேரமாவது தனித்து அமர்ந்து பேசவில்லையே என்பது இருவருக்கும் உறைக்கிறது.

உள்ளூரில் கடை வைத்திருப்போர் நிலை இதனினும் மேல் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் காலை எட்டு மணிக்குத் திறந்த கடை இரவு பத்து மணிக்குத்தான் மூடுகிறது.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கத்தை உரித்தாக்கினர். பாலைக்குப் பிரிவு, முல்லைக்கு ஆற்றியிருத்தல், குறிஞ்சிக்குக் கூடல். பொருள் தேடிச் சுரம் கடந்து செல்லும் தலைவனையும், அவன் வரவை எண்ணி நாட்களைக் கழிக்கும் தலைவியையும் கல்லூரி வகுப்பில் பாடமாகப் படித்தோம். இன்று நம் சமுதாயத்தின் எத்தனையோ இல்லங்கள் பாலையிலேயே குடியிருக்கின்றன. அவற்றுக்கு ஆண்டில் ஒரு வாரமேனும் குறிஞ்சி வாய்க்க வேண்டும் என்பதே இம்மாதம் நான் சொல்ல விரும்புவது. அந்தக் குறிஞ்சி நமக்கு வெகு தொலைவில் இல்லை. கிரேக்கத் தீவுகளுக்கும் மாலத்தீவுக்கும் விமானம் ஏறிச் செல்லும் தம்பதியர் இருக்கிறார்கள். நமக்கு வத்தலக்குண்டில் பேருந்து மாறினால் போதும். பழனி மலைத் தொடரும் கொடைக்கானலும் வந்துவிடும்.

செலவா, உரிமையா?

"பதினெட்டுப் பேர் வேனில் போய்வந்தோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்பர். அத்தகைய பயணத்தை நாம் அறிவோம். அண்டாவும் அடுப்பும் வேனின் கூரையில் ஏறும். ஏரிக்கரைக்குச் சென்றும் பெண்கள் வெங்காயம் அரிவார்கள். இரண்டு நாட்களில் பன்னிரண்டு இடங்களை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, வாந்தியும் தலைவலியுமாக இறங்குவார்கள். அதுவும் உறவைப் பேணும் ஒரு வழிதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கணவனும் மனைவியும் சேர்ந்து செல்லும் பயணம் ஆகாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, தம்முடன் வருபவர் யார் என்பதைத் தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. அவ்வாறான பயணம் ஒன்றில் தோழர்களை முன்னே செல்லுமாறு சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். சில காலம் கழித்து மீண்டும் ஓடியபோது அண்ணலார் வென்று, அன்றைக்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர், பொறுப்புகள் அனைத்தும் தோளில் இருக்கையில், தோழர்களை முன்னே அனுப்பிவிட்டுத் தம் மனைவிக்காக நேரம் ஒதுக்கினார்கள். நமக்குத்தான் நேரம் இல்லையாம்! பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் கட்டளையிடுவதும் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று.

செலவைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். அப்போது அறை வாடகை ஏறும். மலைப்பாதையில் வாகனங்கள் எறும்பாய் ஊரும். சனவரி முதல் மார்ச்சு வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இரவுக் குளிருக்குக் கம்பளி மட்டும் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்.

மலை ஏறும் வழி

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. ரயிலில் வருவோர் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கிச் சுமார் 80 கிலோமீட்டர் மலைக்குச் செல்ல வேண்டும். பழனியிலிருந்தும் ஒரு மலைப்பாதை உண்டு. சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ செல்வோருக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே புறப்படுமுன் விவரம் கேட்டறிந்து செல்லுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உண்டு. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் கூஜாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் தோன்றிய வரலாற்றையும் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே செல்லலாம். பளியர் முதலான பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்ந்த மலை இது. 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இதனை அளந்து எழுதினார். மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்கள், சமவெளியின் வெயிலும் நோயும் தங்கள் குடும்பங்களை வாட்டியதைக் கண்டு, 1845இல் இங்கே இரண்டு வீடுகளைக் கட்டினர். குடும்பத்தின் நலத்துக்காகவே பிறந்த ஊர் என்று இதனைச் சொல்லலாம். மோட்டார்ச் சாலை அமையாத அந்நாளில், பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் டோலியிலும் குதிரையிலும் கால்நடையாகவுமே ஏறி வந்தனர்.

முதல் இரண்டு நாட்கள்

வழக்கமான இடங்களை இந்த இரண்டு நாட்களிலேயே பார்த்து முடித்துவிடலாம். நானூறு அடி உயரத்துக்குச் செங்குத்தாய் எழுந்து நிற்கும் தூண் பாறைகளைக் காண்பதற்குக் காலை நேரமே ஏற்றது. பிற்பகலில் மேகம் வந்து மூடிவிடும். பார்க்கப் போனவர் வெண்திரையைப் பார்த்துத் திரும்புவர். 1872இல் அமைந்த கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால், கீழே சமவெளி விரித்த பாயைப் போல் தெரியும். பிரையண்ட் பூங்காவை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம்.

ஏரிக்கு மட்டும் இரண்டு காலைகள் கொடுங்கள். இது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தின் குறுக்கே 1863இல் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். பள்ளத்தின் கிளைகளிலெல்லாம் நீர் புகுந்ததால் விண்மீன் போன்ற வடிவம் வந்தது. இதன் சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர். குதிரையும் மிதிவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். இருப்பினும் நடந்தே செல்லுங்கள். நம் கடைத்தெருக்களில் கணவர் பத்தடி முன்னே நடப்பார். மனைவி கைப்பையும் குழந்தையுமாகப் பின்னே விரைவாள். இங்கேயாவது இருவரும் ஒரே வரிசையில் நடக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலான அந்த நடையில், ஆண்டுக்கணக்கில் தொலைபேசியில் சொல்ல முடியாத செய்திகள் தாமாக வெளிவரும்.

மலைப்பாதையில் ஏறும்போது நீங்கள் பார்த்த வெள்ளியருவிக்கு நீர் இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. ஏரியில் எறிந்த நெகிழித் தாள் அருவி வழியாகத்தான் கீழே இறங்கும். இதை அறிந்தவர் கை, தின்பண்ட உறையை எறியத் தயங்கும்.

சூரியனை ஆராய்ந்த தம்பதியர்

மூன்றாம் நாள் வானாய்வுக் கூடத்துக்குச் செல்லுங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. சூரியனில் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தால் பருவமழையின் போக்கை அறியலாம் என்று அன்றைய அறிஞர் கருதினர். அந்தக் கருத்தின் விளைவாக, தூய வானமும் உயரமும் வாய்ந்த இந்த மலையில் 1899இல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1904 முதல் சூரியனை இங்கே நாள்தோறும் படம்பிடித்து வருகின்றனர். நூறு ஆண்டுகளைக் கடந்த சூரியனின் நாட்குறிப்பு என்று அந்தச் சேமிப்பைச் சொல்லலாம். இப்போது பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இது இயங்குகிறது.

1907இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி இங்கே பணிக்கு வந்தார். முந்திய ஆண்டில்தான் அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. சூரியனில் காணப்படும் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அவர் கண்டறிந்தார். உலகெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய மனைவி மேரியும் வானியல் கற்றவர். தென்வானத்து விண்மீன்களுக்கு எளிய கையேடு ஒன்றை மணத்துக்கு முன்பே எழுதியவர். கணவரின் ஆய்வுகளில் துணை நின்றதோடு, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைக் குறித்துத் தனி நூலும் இயற்றினார். சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுடர்களைப் பற்றி 1917இல் வெளிவந்த ஆய்வறிக்கையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1923இல் எவர்ஷெட் ஓய்வு பெறும்வரை அவர்கள் இல்லறம் இந்த மலையில் நடந்தது.

எல்லாருக்கும் வானியல் வராது. ஆயினும் கணவர் ஒரு துறையில் உழைக்க, மனைவிக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத நிலை நம் இல்லங்களில் எத்தனை! ஜித்தாவில் தாம் பார்க்கும் வேலை என்ன, முதலாளி எப்படிப்பட்டவர், அறையில் எத்தனை பேர், கடன் எவ்வளவு மிச்சம் என்பதைக் கணவர் மனைவிக்குச் சொல்ல இதைவிட நல்ல வாரம் கிடையாது. அவர் இல்லாத நாட்களில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எந்த நகையை அடகு வைத்தேன் என்பதை அவளும் சொல்லட்டும். சொன்னதும் கோபம் வரலாம். ஏழு நாட்கள் இருக்கின்றன. கோபம் ஆறவும் நேரம் இருக்கிறது. இரண்டு நாள் பயணத்தில் கிட்டாத வசதி இது!

காடும் கிராமமும்

நான்காம் நாள் காட்டைப் பாருங்கள். மலையில் எங்கும் தெரியும் பைன், தைலமரம், சீகை ஆகியவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. புகைப்படத்துக்கு அவை அழகு. இம்மலைக்கே உரியவை புல்வெளிகளும், பள்ளங்களில் அடர்ந்திருக்கும் சோலைக்காடுகளும்தாம். குட்டையான மரங்கள், பாசி படர்ந்த கிளைகள், காலடியில் மெத்தென்ற இலைச்சருகு. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழையற்ற நாட்களிலும் சிறிது சிறிதாக ஓடையில் விடுபவை இவை. தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் இந்த மலைத் தொடரின் நீர் செல்கிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல முடியும். பெரியகுளத்தார் குடிப்பது அதன் நீர். 2013இல் இம்மலைக் காடுகள் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. காட்டெருமைகள் ஊருக்குள்ளும் வந்து நிற்கும். படம் எடுக்க அருகில் செல்லாதீர்கள்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. 2006இலும் 2018இலும் பூத்தது. இனி 2030இல் பூக்க வேண்டும். 2018இல் மணம் முடித்தவர்களுக்கு அடுத்த பூப்பு பன்னிரண்டாம் ஆண்டில் வரும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தாமிருவரும் சேர்ந்து வாழ்ந்த மாதங்கள் எத்தனை என்று கணக்குப் பார்ப்பது, சில குடும்பங்களுக்கு வேதனையாகவே இருக்கும்.

ஐந்தாம் நாள் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் செல்லலாம். படிப்படியாய் வெட்டிய வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு நாம் பத்தியமாய்க் கொடுக்கும் மலைப்பூண்டுக்குக் கொடைக்கானல் பெயராலேயே 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாங்க வேண்டிய இடம் இது. மன்னவனூரில் புல்வெளியும் ஏரியும், 1965 முதல் இயங்கும் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் உள்ளன.

ஆறாம் நாள் எங்கும் போகாதீர்கள். வெயில் காயுங்கள், தூங்குங்கள். ஆண்டு முழுதும் சுப்ஹுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டும் ஒரு பெண், தொழுதபின் மீண்டும் போர்த்திக்கொண்டு உறங்குவதும், எழுந்ததும் தேநீரைக் கணவர் கையிலிருந்து வாங்கிக் குடிப்பதும் ஒரு காட்சிதான்.

தொழுகையும் உணவும்

ஊரில் பள்ளிவாசல் உண்டு. ஹலால் உணவுக்கும் சிரமம் இல்லை. பெண்கள் தொழுவதற்கு முஸல்லா ஒன்றைக் கையோடு வைத்திருத்தல் நலம்.

ஏழு நாட்கள் தங்குவோர் கஸ்ர் தொழுகையில் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரூரில் தங்க எண்ணியவர், அங்கே சேர்ந்ததும் முழுமையாகவே தொழ வேண்டும்; சுருக்கலாகாது. ஹனஃபீ மத்ஹபின்படி பதினைந்து நாட்கள் தங்க எண்ணினால்தான் அந்த நிலை. அதற்குக் குறைந்தால் கஸ்ர் செய்வார். கீழக்கரைப் பெண்ணும் திண்டுக்கல் மாப்பிள்ளையுமாக இருந்தால், அறையில் கணவர் இமாமாக நின்று லுஹரை இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுப்பார். பின்னால் தொழும் மனைவி எழுந்து மீதி இரண்டையும் நிறைவு செய்வாள். இருவர் வழியும் சரியே.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் தாய்மார்களே! மகன் வந்ததே நாற்பது நாள், அதில் ஒரு வாரத்தை மருமகள் கொண்டு போய்விடுகிறாளே என்ற எண்ணம் உங்களுக்கு எழலாம். அது இயல்பு, பெற்ற மனம் அப்படித்தான் ஏங்கும். ஆனால் உங்கள் காலத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சபுராளியாகச் சென்ற ஆண்களை எதிர்பார்த்து நீங்களோ உங்கள் தாயாரோ கழித்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அன்று உங்களிடம், "போய்விட்டு வாருங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தச் சொல்லை நீங்கள் உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள். மகன் கேட்கும் வரை காத்திராதீர்கள். கேட்க அவனுக்கு நாணமாக இருக்கும்.

மகன்மாரே, உம்மாவுக்கென்று தனியே நாட்களை ஒதுக்குங்கள். பயணம் புறப்படுமுன் அவர்களிடம் அமர்ந்து பேசி, மனமுவந்த சம்மதம் பெற்றுச் செல்லுங்கள். மலையிலிருந்து திரும்பும்போது எல்லாருக்கும் சாக்லேட் வாங்குவீர்கள். உம்மாவுக்கு நல்ல கம்பளிச் சால்வை ஒன்றும் வாங்குங்கள்.

ஏழாம் நாள் காலையில் கீழே இறங்கிவிடுங்கள். ஊர் சேர்ந்ததும் வழக்கமான வேலைகள் வாசலில் காத்திருக்கும்; அவற்றை அப்போது பார்த்துக்கொள்ளலாம். விடுப்பு உறுதியாகி விமானச் சீட்டு வாங்கும் அன்றே, நாட்காட்டியில் இந்த ஏழு நாட்களையும் குறித்துவிடுங்கள். வலீமா அழைப்புகள் வரத் தொடங்கிய பிறகு குறிக்க இடம் இருக்காது.

நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.